கை அரிக்கிறது, சொன்னால் வேலை போய்விடுமோ? பசை ஆய்வகத்தில் பயிற்சி பெறும் மாணவிக்கு ஒரு மருத்துவரின் பதில்

கடிதம் எழுதியவர் பாலிமர் வேதியியல் படிக்கும் மாணவி, வயது 22. தொழிற்சாலைகளுக்கான பசைகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் செய்கிறார். மூன்றரை மாதம் முடிந்துவிட்டது. எபாக்ஸி ரெசினையும் (பசையின் அடிப்படைப் பிசின்) அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் எடை போட்டுக் கலப்பது, அலுமினியப் பட்டைகளில் தடவி ஒட்டுவது, இறுகியதும் இயந்திரத்தில் இழுத்து எத்தனை விசையில் விட்டுப்போகிறது என்று குறிப்பது, இதுதான் தினசரி வேலை. மூன்று வாரமாக விரலிடுக்குகளில் அரிப்பு. மணிக்கட்டின் உட்புறம் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். விடுமுறையில் தணிகிறது, வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் மறுபடி ஆரம்பிக்கிறது. போன வாரம் ஒருநாள் காலையில் எழுந்தால் ஒரு கண்ணிமை வீங்கியிருந்ததாம்.

மூத்த டெக்னீசியன் ஒருவர், "எல்லோருக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான், போகப்போகப் பழகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர், சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு ரெசினை முழங்கையின் உட்பக்கம் தடவி பிளாஸ்திரி போட்டுப் பார் என்று யோசனை கொடுத்திருக்கிறார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது, இப்போது உருவாக்கும் பசைக் கலவை (ஃபார்முலேஷன்) வெற்றி பெற்றால் காப்புரிமையில் பெயர் வரலாம் என்றும் பேச்சு. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவரிடம் போகவும் தயக்கம், ஏனென்றால் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்; கலவையில் என்ன இருக்கிறது என்று வெளியே சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம். "இது அலர்ஜிதானா, நான் இந்தத் துறையையே விட வேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேரில் பார்க்காமல் இது அலர்ஜி என்று நான் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் வேலைத்தல நோய்களைப் பார்ப்பதே தொழிலாக இருக்கும் ஒருவருக்கு உங்கள் கடிதத்தில் மூன்று இடங்கள் உறுத்தும்: லீவில் தணிவது, திரும்பிய உடனே அல்லாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவது, கண்ணிமை. வெறும் எரிச்சல் என்றால் பட்ட சில நிமிடங்களிலோ மணிகளிலோ எரியும், பட்ட இடத்தோடு நின்றுவிடும். ஒவ்வாமை நிதானமாக வரும், பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள், அதுவும் பசை நேரடியாகப் படாத இடத்தில்கூட. அதனால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே நடவடிக்கை எடுங்கள். பிறகு இல்லை என்று தெரிந்தால் சந்தோஷம், நட்டம் ஒன்றுமில்லை.

பழகிவிடுமா?

அந்த டெக்னீசியன் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்ததைச் சொல்கிறார். கரைப்பான், சோப்பு, அடிக்கடி கை கழுவுவது இவற்றால் வரும் எரிச்சல் சிலருக்கு நாளடைவில் குறையத்தான் செய்யும், தோல் கொஞ்சம் தடித்துக்கொள்ளும். ஒவ்வாமை நேர் எதிர்த்திசையில் போகும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த மூலக்கூறை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் போதும், அடுத்த தடவை இன்னும் கொஞ்சமாகப் பட்டாலே கிளம்பிவிடும். அடையாளம் கண்டுகொள்ள இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் பதில். வந்தபின் அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது.

அப்புறம் இன்னொரு விஷயம். பத்து வருடமாகக் கலக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் எல்லா ஆய்வகத்திலும் இருப்பார்கள். ஒன்றும் ஆகாதவர்கள்தான் பத்து வருடம் அங்கே இருக்க முடிந்தது. கை வெடித்துப் போனவர்கள் வேறு பிரிவுக்கோ வேறு வேலைக்கோ எப்போதோ போய்விட்டார்கள், அவர்களை உங்களுக்கு அறிமுகப்படுத்த அங்கே யாரும் இல்லை.

எபாக்ஸியின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1930களில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன் தேடியது பசையை அல்ல, பல்செட் செய்ய ஒரு பொருளை. வாயில் வைக்க நினைத்த பொருள் எப்படிக் கையைக் கெடுக்கும் என்று கேட்கலாம். முழுமையாக இறுகிய எபாக்ஸி அநேகமாக யாரையும் ஒன்றும் செய்வதில்லை. கெடுப்பது இறுகாத பச்சை ரெசின், அதிலும் சிறிய மூலக்கூறுகள். சாதாரண திரவ எபாக்ஸியில் மிகுந்திருக்கும் பிஸ்பீனால் ஏ டைகிளைசிடில் ஈதரின் மூலக்கூறு எடை 340 தான், தோலுக்குள் நுழைய அது ஒரு பெரிய உருவமே அல்ல. கூடவே அமீன் வகை ஹார்ட்னர், பாகுத்தன்மையைக் குறைக்கச் சேர்க்கும் ரியாக்டிவ் டைலுவன்ட், இரண்டும் தனித்தனியாகவே ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை. எபாக்ஸி வேலையால் வரும் தோல் அழற்சியைப் பற்றி மருத்துவ இதழ்கள் 1950களிலேயே எழுத ஆரம்பித்துவிட்டன. உங்களுக்கு நேர்ந்திருப்பது அபூர்வமான ஒன்று இல்லை, உங்கள் உடம்பில் ஏதோ குறை என்றும் இல்லை.

கண்ணிமை ஏன் என்று குழம்பியிருக்கிறீர்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். ரெசின் அறை வெப்பத்தில் அவ்வளவாக ஆவியாகாது, ஆனால் சில அமீன் ஹார்ட்னர்கள் ஆவியாகும். அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: கையுறை போட்ட கையால் பாதுகாப்புக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டிருப்பீர்கள். தராசின் பொத்தான், புகையை உறிஞ்சும் ஃபியூம் ஹுட்டின் கதவு, பேனா, கைபேசி, கதவுக் கைப்பிடி எல்லாம் ஒரு பசை ஆய்வகத்தில் லேசாகப் பசை தடவியவைதான். நீங்கள் சுத்தமாகக் கலந்தாலும் உங்களுக்கு முன் தராசைத் தொட்டவர் அப்படிக் கலந்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது.

பிளாஸ்திரி யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்

இந்தக் கடிதத்திலேயே என்னை அதிகம் பதற வைத்த வரி அது. நீர்க்காத ரெசினை ஒட்டி மூடி வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கக்கூடும்: தோல் வெந்து புண்ணாகும், அல்லது அதுவரை இல்லாத ஒவ்வாமை அந்தப் பரிசோதனையாலேயே வந்து சேரும். எதுவும் ஆகாமல் தப்பித்தாலும், அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? ஒன்றும் வர முடியாது.

முறையான பேட்ச் டெஸ்ட் வேறு. தோல் மருத்துவர் எபாக்ஸி ரெசினை வாசலினில் 1 சதவீதமாக நீர்த்து முதுகில் வைப்பார், 48 மணி நேரம் கழித்து எடுப்பார், அன்றும் அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்தும் பார்ப்பார், சில சமயம் ஏழாம் நாளும் வரச் சொல்வார். அவர் வழக்கமாக வைக்கும் அடிப்படைப் பட்டியலில் பசைத் துறையைச் சேர்ந்தவையே மூன்று உண்டு: எபாக்ஸி, உருக்கி ஒட்டும் ஹாட்மெல்ட் பசையிலும் ஒட்டு டேப்பிலும் பிசுபிசுப்புக்காகச் சேர்க்கும் ரோசின், நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பசைகளில் சேர்க்கும் ஒரு பீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின். ஆனால் உங்கள் ஹார்ட்னரோ டைலுவன்ட்டோ அந்தப் பட்டியலில் இருக்காது. ஆகவே அடிப்படைப் பட்டியலில் எதுவும் வரவில்லை என்றால் "எனக்கு அலர்ஜி இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், நான் வேலையில் தொடுவது இவையிவை, இவற்றுக்கும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்த வகைத் தாமத ஒவ்வாமை வழக்கமான அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு எதையோ தடவுவதாக எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அழற்சி அமுங்கும், மருத்துவர் பார்க்கும் நாளில் கை சாதாரணமாகத் தெரியும். அதனால் கொப்புளம் இருக்கும்போதே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணிமையில் அந்தக் களிம்பை உங்கள் இஷ்டத்துக்குத் தடவ வேண்டாம்.

ஒப்பந்தமும் மருத்துவரும்

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் நோக்கம் போட்டியாளருக்கு ஃபார்முலா போகாமல் தடுப்பது. உங்கள் சிகிச்சைக்குத் தேவையான அளவு உங்கள் மருத்துவரிடம் சொல்வதைத் தடுப்பது அதன் வேலை இல்லை. சிகிச்சை அறையில் சொன்னதை மருத்துவரும் வெளியே சொல்லக் கூடாது, அவருக்கும் ரகசியக் கடமை உண்டு. இருந்தும் ஒப்பந்தத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலும் விதிவிலக்குகள் என்று ஒரு பத்தி இருக்கும். மனசு ஆறவில்லை என்றால் கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் அந்தப் பத்தியைக் காட்டிக் கேளுங்கள்.

உண்மையில் மருத்துவருக்கு உங்கள் ஃபார்முலா தேவையே இல்லை. எத்தனை பங்குக்கு எத்தனை என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை, எதையெல்லாம் தொட்டீர்கள் என்பதுதான் வேண்டும். அது மூலப்பொருட்களின் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருக்கிறது, நீங்கள் ஆய்வகத்தில் எஸ்.டி.எஸ். என்று சொல்வது. பெரும்பாலான நாடுகளில் ஒரே வடிவம், 16 பகுதிகள். இரண்டாம் பகுதியில் அபாயங்கள், மூன்றில் சேர்மானம், எட்டில் கையுறை முதலிய பாதுகாப்பு, பதினொன்றில் உடல்நல விளைவு. இரண்டாம் பகுதியில் எச்317 என்று இருந்தால் தோல் ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று பொருள், எச்334 என்று இருந்தால் சுவாச ஒவ்வாமை. ஆராய்ச்சிப் பிரிவில் வரும் சிக்கல், கோப்பையில் இருக்கும் சோதனைக் கலவைக்குக் குறியீட்டு எண் மட்டும் இருக்கும், தாள் இருக்காது. பரவாயில்லை, அந்தக் கலவைக்குள் போன ஒவ்வொரு டப்பாவுக்கும் தாள் இருந்தாக வேண்டும். சேர்மானத்தின் சரியான சதவீதத்தை வணிக ரகசியம் என்று மறைத்திருந்தாலும், சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் மருத்துவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தாள்களுக்கு அடிப்படையான ஐ.நா. முறையின் கொள்கையிலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்று: மருத்துவரிடம் காட்டுகிறேன் என்று சோதனைக் கலவையைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துவந்துவிடாதீர்கள். அங்கேதான் ஒப்பந்தம் உண்மையிலேயே குறுக்கே வரும். பொருள் வேண்டுமென்றால் மருத்துவர் கடிதம் எழுதி நிறுவனத்திடம் கேட்கட்டும்.

நிறுவனத்தின் மருத்துவரிடம் போவதா, வெளியே போவதா என்று ஒரு கேள்வி வரும். நிறுவன மருத்துவரிடமே போகலாம், தப்பில்லை. பொதுவான நெறி என்னவென்றால் அவர் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது இந்த வேலைக்குத் தகுதியா, என்ன கட்டுப்பாடு என்பதை மட்டும்தான், நோயின் விவரத்தை அல்ல. உட்கார்ந்ததும், "நான் சொல்வதில் எது நிர்வாகத்துக்குப் போகும்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் அதுவே ஒரு தகவல்.

மறைப்பது, மாறுவது, விலகுவது

மறைத்துக்கொண்டு மீதி இரண்டரை மாதத்தை ஓட்டிவிடலாம் என்பதுதான் உங்கள் மனசில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கைப் பார்ப்போம். வேலை கிடைத்தாலும் அதே ரெசினைத்தான் தொடப் போகிறீர்கள். இரண்டரை மாதம் மறைத்ததை இரண்டரை வருடம் மறைக்க முடியாது, அதற்குள் முகம் முழுக்க வரும் நிலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே கண் வீங்கும் அளவுக்கு. இன்னொரு பக்கம், பதிவு என்று ஒன்று இல்லாவிட்டால் பின்னால் சிகிச்சைச் செலவோ இழப்பீடோ கேட்கும் நாளில், இது வேலையால் வந்தது என்பதற்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. சொல்லாமல் இருப்பதால் வேலை பத்திரமாக இருக்கிறது என்பது ஒரு நினைப்புதான். சொன்னால் வாய்ப்பு போகவே போகாது என்று நானும் உத்தரவாதம் தர மாட்டேன், சில மேலாளர்கள் அற்பமாக நடந்துகொள்வார்கள். ஆனால் ஒரு இன்டர்னுக்கு வந்தது அடுத்த மாதம் நிரந்தர ஊழியருக்கும் வரலாம் என்பது ஓரளவு புத்தியுள்ள எந்த மேலாளருக்கும் புரியும்.

விலகுவது கடைசி வழி. சில நிலைமைகளில் அதுவே முதல் வழி, அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் இருப்பது, அங்கேயே இருந்து வேலையை மாற்றிக் கேட்பது. கலப்பவர்தான் ஆராய்ச்சியாளர், இழுத்துப் பார்ப்பது வெறும் வேலையாள் வேலை என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் மறுக்க வேண்டும். நான் மருத்துவன், பசை வேதியியல் எனக்குத் தொழில் இல்லை, ஆனாலும் இத்தனை வருடத்தில் உங்கள் துறையினர் பலரோடு உட்கார்ந்து பேசியதில் ஒன்று புரிந்தது: பிரிந்த பரப்பைப் படிக்கத் தெரிந்தவர்தான் அங்கே மதிப்புள்ளவர். பசை உலோகத்தை விட்டு அப்படியே உரிந்து வந்ததா, பசையே நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்பதற்கு வேறு வேறு அர்த்தம். முன்னது என்றால் பரப்பைச் சுத்தம் செய்ததிலோ, பசைக்கு முன் பூசும் பிரைமரிலோ தப்பு தேட வேண்டும், பின்னது என்றால் பசைக்குள் தேட வேண்டும். அந்த முறிவு வகைகளுக்குப் பெயர் வைக்கவே ஐ.எஸ்.ஓ. 10365 என்று ஒரு தரநிலை இருக்கிறது. 25 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளை 12.5 மில்லிமீட்டர் மேல்படிய ஒட்டி இழுத்து எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டு, உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடும் ஆய்வகங்கள் நிறைய. உங்கள் மீதி இரண்டரை மாதத்துக்கு அந்தத் துண்டுகளே ஒரு திட்ட அறிக்கைக்குப் போதும். ஈர வெப்பத்தில் வைத்து முதுமையாக்கும் சோதனை, பரப்பில் நீர்த்துளியின் தொடுகோணம் பார்ப்பது, சோதனைத் திட்டமிடல், தரவுப் பகுப்பாய்வு, எல்லாமே பச்சை ரெசினைத் தொடாத வேலைகள்.

ஒரு எச்சரிக்கையோடு. டி.எஸ்.சி. (வெப்ப மாற்றத்தை அளப்பது), ரியோமீட்டர் (பாகுத்தன்மையை அளப்பது) என்று கருவியின் பெயரைக் கேட்டதும் பத்திரமான வேலை என்று தலையாட்டிவிடாதீர்கள். அந்தச் சின்னப் பாத்திரத்திலும் தட்டிலும் பெரும்பாலும் வைப்பது இறுகாத ரெசினைத்தான், சில மில்லிகிராம் ஆனாலும் ரெசின் ரெசின்தான். அதேபோல விளிம்பில் வழிந்து இறுகியதைத் தேய்த்து எடுப்பது. அறை வெப்பத்தில் இறுகும் பல வகைகள் கையால் தொட்டால் கல் மாதிரி இருக்கும், உள்ளே முழுமையாக வினை முடிய ஒரு வாரம்கூட ஆகும். அதற்குள் தேய்த்தால் வரும் தூசி முகத்தில்தான் படியும்.

வேறு வகைப் பசைக்கு மாற்றித் தருகிறோம் என்று சொன்னால்? எபாக்ஸிக்கு ஒவ்வாமை வந்ததால் பாலியூரித்தேனுக்கும் வரும் என்று இல்லை. ஆனால் அங்கே ஐசோசயனேட் என்ற மூலப்பொருள் இருக்கிறது, அது தோலோடு நிற்காமல் நுரையீரலுக்குப் போகக்கூடியது. தொழில்சார் ஆஸ்துமாவுக்குப் பேர்போன பொருள், ஒவ்வாமை வந்துவிட்டால் மிக மிகக் குறைந்த அளவிலேயே மூச்சு முட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருளை வேலையில் கையாளுபவர் முதலில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். உங்களுக்குச் சிறுவயதில் வீசிங் இருந்ததா என்று எழுதவில்லை. இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். யுவி ஒளியில் இறுகும் அக்ரிலேட் பசைகள் மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும், அதற்கு ஒவ்வாமை வந்தால் பின்னாளில் பல் அடைக்கப் போகும்போதும் ஜெல் நகப்பூச்சு போடும்போதும் கூடவே வரலாம். தண்ணீர் சார்ந்தது, ஆகவே சாது என்று விற்கப்படும் பசைகளில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதியாசோலினோனை அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாற்றித் தருகிறோம் என்றதும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பாமல், எதற்கு மாற்றுகிறீர்கள், அதன் எஸ்.டி.எஸ். எங்கே என்று கேட்பதற்காக.

விலகுவதே முதல் வழி என்று சொன்னேனே, அது எப்போது என்றால்: இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம், அதுவும் லீவில் சரியாகி வேலையில் திரும்பினால். அன்றே நிறுத்துங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். முகம் முழுக்க வீங்கினாலும் அப்படித்தான். சான்றிதழ், மதிப்பெண் எதுவும் அந்த நாளில் கணக்கில்லை.

இப்போதே மாற்ற வேண்டியவை

அசிட்டோன் என்ற கரைப்பானால் கை துடைப்பதை நிறுத்துங்கள். இது ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிட்டு, நீர்த்த ரெசினை உள்ளே அனுப்பிவைக்கும். கையில் பட்டால் காகிதத்தால் ஒற்றி எடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். கையுறையின் மேல் அசிட்டோன் ஊற்றித் துடைப்பதும் அப்படியே, மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை அதற்கு ஓரிரு நிமிடம்கூடத் தாங்காது.

காலையில் போட்ட கையுறையோடு மதியம் வரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், கையுறை கிழியவில்லையே என்றும். கிழியாமலே ஊடுருவும், கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை போட்டுக் கழற்றும் நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டும்தான், பட்டதும் கழற்றி எறிய வேண்டியது. லேட்டக்ஸும் வினைலும் எபாக்ஸிக்கு உதவாது. பல அடுக்கு பிளாஸ்டிக்கில் செய்த லாமினேட் கையுறை நல்ல பாதுகாப்புத் தரும், தொளதொளவென்று இருப்பதால் அதன் மேல் நைட்ரைலைப் போட்டுக்கொள்வார்கள். தடுப்புக் களிம்பு தடவிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையுறைக்குப் பதிலாக வேண்டாம், எபாக்ஸியிடம் அது நிற்காது.

கோப்பையில் ஸ்பாச்சுலா விட்டுக் கலப்பதற்குப் பதில், இரண்டையும் தனித்தனியாக இரட்டைக் கார்ட்ரிட்ஜில் நிரப்பி, தானே கலந்துவிடும் ஸ்டாட்டிக் மிக்சர் முனை வழியாகப் பிதுக்கினால் கை படும் நேரம் வெகுவாகக் குறையும். எல்லாச் சோதனைக் கலவைக்கும் அது ஒத்துவராதுதான், ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

உரிமை என்று பார்த்தால், இன்டர்ன் மாணவரா தொழிலாளியா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், அதனால் உங்கள் பயிற்சி ஒப்பந்தத்தில் விபத்து, சிகிச்சை, காப்பீடு யார் பொறுப்பு என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரியும் அதில் ஒரு தரப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரசாயனங்கள் உடன்படிக்கை, எண் 170, கையாளும் இரசாயனத்தின் விவரத்தை அறியும் உரிமையையும், உடனடியான கடும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலகி நிற்கும் உரிமையையும், அப்படி நின்றதற்காகப் பழிவாங்கப்படாமல் இருக்கும் பாதுகாப்பையும் சொல்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை. இருந்தாலும், எஸ்.டி.எஸ். கேட்பது ஏதோ சலுகை கேட்பது என்று கூச்சப்படாமல் இருக்க இது உதவும்.

காப்புரிமை விஷயம். யோசனை கொடுத்தவர்தான் கண்டுபிடிப்பாளர். சொன்னபடி கலந்தவர், எவ்வளவு நாள் கலந்தாலும், பொதுவாக அந்தப் பட்டியலில் வர மாட்டார். உங்கள் யோசனை ஏதாவது அந்த ஃபார்முலேஷனில் போயிருந்தால், அது தேதியோடு ஆய்வகக் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் பிரிவு மாறியதால் அது இல்லாமல் போகாது. இல்லையென்றால் அந்த ஆசைக்காகக் கையைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை. இதற்கு மேல் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

துறையை விட வேண்டுமா என்ற கேள்விக்கு இன்று பதில் இல்லை. பேட்ச் டெஸ்ட் முடிவில் எது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பேச முடியும். ஒரு குறிப்பிட்ட டைலுவன்ட் மட்டும் என்றால் ஒரு டப்பாவைத் தவிர்த்தால் போதும், எபாக்ஸியே என்றால் கலக்கும் மேசையிலிருந்து நிரந்தரமாக விலக வேண்டியிருக்கும், அப்போதும் பசைத் துறையில் மீதி நிறைய இருக்கிறது.

சூப்பர்வைசரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாயால் சொல்லுங்கள், அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பி, கல்லூரிப் பொறுப்பாளருக்கு நகல் போடுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம், தேதியும் நடந்ததும் போதும். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இந்தத் தேதியிலிருந்து எனக்கு இரண்டு கைகளிலும் அரிப்பும் கொப்புளமும் இருக்கிறது, இந்தத் தேதியில் இடது கண்ணிமை வீங்கியது. விடுமுறையில் தணிந்து வேலை நாட்களில் திரும்புகிறது. தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். அதற்காக நான் கையாளும் ரெசின், ஹார்ட்னர், டைலுவன்ட் ஆகியவற்றின் எஸ்.டி.எஸ். பிரதிகள் தேவைப்படுகின்றன. மருத்துவர் சொல்லும் வரை கலக்கும் வேலையிலிருந்து சோதனை, முறிவுப் பகுப்பாய்வுப் பக்கம் என்னை மாற்றித் தர முடியுமா? இதைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இடது வலது எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை, மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை நாள் காலை, கையுறையை எடுக்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.